பதினேழாவது கேள்வி

சபையின் நிலவறையில் சனிக்கிழமைக் கூட்டம்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வினிப்பெக்கிலிருந்து வந்திருந்த அம்மாள்
நான்கு அட்டைகளை மேசையில் பரப்பினார்.
சிவப்பு, ஆள்பவர். மஞ்சள், ஆடிப்பாடுபவர்.
நீலம், அளந்து பார்ப்பவர்.
பச்சை, அடங்கிப் போகிறவர்.
"ஆண்டவர் உங்கள் பிள்ளையை
எந்த நிறத்தில் படைத்தார் என்று தெரிந்துகொண்டால்
பாதிச் சண்டை தீர்ந்தது" என்றார்.
மீதிப் பாதியை யாரும் கேட்கவில்லை.

எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.
நான் சஸ்காட்செவனில் பருப்பு விளைவிக்கிறவன்.
சிவப்புப் பருப்புக்கு ஒரு தொட்டி,
பச்சைப் பருப்புக்கு ஒரு தொட்டி.
கலந்துவிட்டால் விலை விழும்.

வீடு திரும்பும் வழியிலேயே பிரித்துவிட்டேன்.
ஆனலீஸ் சிவப்பு.
மூன்று வயதில் பனிக்காலணியை
இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு
அதுதான் சரியென்று ஒரு பகல் முழுக்க நடந்தவள்.
ஜோரன் பச்சை.
திட்டினாலும் தட்டிக்கொடுத்தாலும் ஒரே முகம்.
மார்லா வண்டி ஜன்னலில் படிந்த பனியை
நகத்தால் சுரண்டிக்கொண்டே
"ம்" என்றாள்.
இருபது வருடமாகியும்
அந்த "ம்"முக்கு எனக்கு நிறம் தெரியாது.

அதற்குப் பின் ஆறு வாரம்
எல்லாவற்றுக்கும் என்னிடம் விடை இருந்தது.
அவள் கதவை அறைந்தாளா, சிவப்பு.
அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனானா,
பச்சை, போகட்டும் விடு.
ஜெபத்திலும் அப்படித்தான்.
இவளைக் கொஞ்சம் தணியும், இவனைக் கொஞ்சம் தூண்டும் என்று
அடுப்பின் திருகைத் திருப்பச் சொல்வதுபோலச்
சொல்லிவிட்டுத் தூங்கினேன்.

மார்ச்சில் ஒரு ராத்திரி
காலித் தொட்டிக்குள்ளிருந்து சத்தம்.
நாய் என்று நினைத்து விளக்கோடு போனேன்.
உள்ளே என் பச்சைப் பிள்ளை,
ஒன்பது வயது,
தகரச் சுவரில் மண்வெட்டியை மோதி மோதிக்
கத்திக்கொண்டிருந்தான்.
அதில் வார்த்தை ஒன்றும் இல்லை.
தொட்டி அதை வாங்கி
இரண்டு மடங்காய்த் திருப்பிக் கொடுத்தது.

வாசலில், பனியில், அவன் அக்காள்.
கையுறையைக்கூட மறந்து வந்திருந்தாள்.
உள்ளே நுழையப் போனவனை
உதட்டில் விரல் வைத்து நிறுத்தினாள்.
"முடியட்டும், அப்பா. முடிந்ததும் வருவான்.
எப்போதும் வந்துவிடுவான்."

எப்போதும்?

அன்றிரவு எனக்கு அந்தக் குருட்டுத் தகப்பன் நினைவு வந்தான்.
வேட்டைக் கறியின் ருசிக்காக
ஒரு மகனை அதிகம் நேசித்தவன்.
கையைத் தடவி, ரோமத்தைத் தடவி,
இவன் அவன்தான் என்று முடிவுகட்டி
ஆசீர்வாதத்தை மாற்றிக் கொடுத்தவன்.
குரல் வேறு என்று அவன் காது சொன்னது.
அவன் கையைத்தான் நம்பினான்.

அட்டைகளைத் தூக்கிப் போடலாமென்று
சமையலறை இழுப்பறையைத் திறந்தேன்.
மிச்சமிருந்த கேள்வித்தாள்களின் நடுவே ஒன்று
பென்சிலில் நிரப்பியிருந்தது.
மேலே, ஆனலீஸின் சாய்ந்த எழுத்தில்,
அப்பாவுக்காக.

வேலையை முடிக்காமல் விடுவாரா, மாட்டார்.
புதியவர்களோடு பேசுவாரா, டிராக்டர் பற்றி என்றால்.
சிரித்தேன், அந்த நேரத்திலும்.
பதினேழு:
கோபப்பட்ட பிறகு மன்னிப்புக் கேட்பாரா?
எப்போதும், சில சமயம், அரிதாக.
மூன்று கட்டமும் காலி.
காலி என்றும் சொல்ல முடியாது.
ஒன்றில் குறியிட்டு அழித்து,
இன்னொன்றில் இட்டு அழித்து,
விளக்குக்கு நேரே பிடித்தால்
வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு
காகிதம் அங்கே தேய்ந்திருந்தது.

கீழே மொத்தம் கூட்ட ஒரு இடம்.
அவள் கூட்டவில்லை.

மாடிப்படி ஏறினேன்.
ஆனலீஸின் அறையில் விளக்கு அணைந்திருந்தது.
ஜோரனின் கதவைத் தட்டினேன்,
என்ன சொல்வதென்று தெரியாமலே.
கட்டில் கிரீச்சிட்டது.
"யாரு?" என்றான்.

கையில் அந்தத் தாளோடு
இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன்.